ஓட்டம் நேரான கல்

காலையில் மச்சானுக்குச் சட்டை மாட்டிவிடுவது என் அக்காவின் வேலை. வலது கையை முதலில் நுழைக்க வேண்டும். அந்தக் கை தோளுக்கு மேலே போகாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நிற்பார். அக்கா சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்து அவர் கையை உள்ளே திணிப்பாள்.

"விறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. நான் என்ன அளவெடுக்கவா வந்திருக்கேன்?"

"மெதுவாடி. அது கை, கம்பு இல்ல."

தினமும் இதே பேச்சுதான். நான் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு காத்திருப்பேன். என் அக்கா வீட்டுக்காரரும் நானும் ஒரே கல்குவாரியில் வேலை. நான் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். துளை போடும் மெஷின்களுக்கு நான் காற்று அனுப்பினால்தான் அங்கே எதுவும் நடக்கும். அதற்காக என்னை யாரும் பெரிய ஆளாக மதித்ததில்லை, அது வேறு விஷயம்.

மச்சானைத்தான் மதிப்பார்கள். அவருக்கு அங்கே பெயர் சாக்பீஸ். காதுக்கு மேல் எந்நேரமும் ஒரு துண்டு சாக்பீஸ் செருகியிருக்கும். மலையிலிருந்து கல்லை முழுசாகப் பெயர்க்க வேண்டுமானால் எங்கே பிளப்பது என்று ஒருவர் கோடு போட்டுத் தர வேண்டும். மச்சான் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றுவார். உள்ளங்கையால் துடைப்பார். ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முறைத்துக்கொண்டு போன சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். சுத்தியலால் இரண்டு தட்டு. அப்புறம் கோடு. அந்தக் கோட்டில் வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்பு இறக்கினால் கல் வாய் திறக்கும்.

எல்லாம் ஓட்டத்தில் இருக்கிறது. மரத்துக்கு நார் எப்படியோ அப்படிக் கல்லுக்கு ஓட்டம். உள்ளே இருக்கிற மணிகள் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். அந்தப் பக்கமாகக் கோடு போட்டால் கல் பேச்சைக் கேட்கும். மாற்றிப் போட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நொறுங்கியது ஜல்லி ஆலைக்குத்தான் போகும். நல்ல ஓட்டத்தைக் கண்டுபிடிக்கிறவன் கையில்தான் அத்தனை பேர் வேலையும் இருந்தது.

ஆனால் கோடு போடுகிறவனும் பாதி நேரம் மெஷின் பிடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆள் பற்றாக்குறை. மச்சானுக்குக் கை முழுக்க அதிர்ந்து அதிர்ந்து, தோள் மூட்டு தேய்ந்துபோனது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை வருஷம் இந்த வேலை?" என்று கேட்டாராம். "நீங்கதான் சொல்லணும்" என்றாராம் மச்சான். இருவரும் சிரிக்கவில்லையாம்.

குவாரியின் கீழே ஒரு ஷெட் உண்டு. பெயர்த்த கற்களுக்குப் பெயின்டால் எண் எழுதுகிற இடம். தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று பேச்சு வந்தது. மேனேஜர் மச்சானைக் கூப்பிட்டார். மேனேஜர் வயிற்றுப்புண்காரர். பேசும்போதே மாத்திரையைச் சப்புவார்.

"பழைய முகப்புல ஓட்டம் முறுக்கிக்கிட்டு நிக்குது. பாதிக் கல்லு ஜல்லியா போகுது. புதுசா ஒரு முகப்பு திறக்கணும். எங்கன்னு நீயே சொல்லு. முழுக் கல்லா வந்துச்சுன்னா ஷெட்டு நாற்காலி உனக்கு. வரலைன்னா அந்த ஷெட்டுக்கே வேலை இல்லப்பா."

முகப்பு என்றால் மலையை வெட்டிக்கொண்டே போகிற சுவர். மச்சானும் நானும் மலையின் மேல் நடந்தோம். நடு மலையில் கல் கலைந்து கிடந்தது. அங்கங்கே கறுப்புக் கறை, தட்டு மூடி மாதிரி வட்டம் வட்டமாக. கிழக்கே போகப் போக அந்த வட்டங்கள் நீண்டன. முட்டை மாதிரி ஆயின. இன்னும் போனால் மீன் மாதிரி. கடைசியில் மை பேனாவால் இழுத்த கோடு மாதிரி. கல்லின் ஓட்டமும் அதே பக்கம் நேராகிக்கொண்டே போனது. மச்சான் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இங்க பாருடா. ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. இவ்ளோ காலமா இது நம்ம முதுகுக்குப் பின்னாடியே இருந்திருக்கு."

"வயசான காலத்துல கிடைச்ச சொத்து மாதிரி பேசுறீங்களே மச்சான்."

"வாயக் கழுவு. நாற்காலிடா அது."

ஓட்டம் எவ்வளவு நேரோ அவ்வளவு நல்ல கல். இது அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் இதைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிழக்கு முகப்பைத் திறந்தோம். ஆப்பை வைத்துச் சும்மா மிரட்டினாலே கல் விட்டுக்கொடுத்தது. முழுக் கற்களாக வந்தன. கறுப்புக் கோடு ஓடிய கல் அழகு என்று வாங்குகிறவர்களே வந்து தடவிப் பார்த்தார்கள். பெரியவர் ஷெட்டை விட்டுப் போனார். வருகிற திங்கட்கிழமை வந்து உட்கார் என்று மேனேஜர் மச்சானிடம் சொல்லிவிட்டார். அக்கா நாற்காலிக்கு மெத்தை தைத்தாள். எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். "இனிமே அவருக்கு உக்காந்த வேலை" என்று அவள் சொல்லும்போது, ஏதோ அவளுக்கே கால் வலி தீர்ந்த மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில்தான் பூதக்கண்ணாடி அம்மா வந்தார். பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு குட்டிக் கண்ணாடி தொங்கும். அதனால் அந்தப் பெயர். மச்சான் வயதுதான் இருக்கும். ஒரு முழங்காலில் எலாஸ்டிக் பட்டை. காவலாளியின் அறையில் தங்கிக்கொண்டு, பகலெல்லாம் மலையில் தவழ்ந்தார். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கல்லோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நகர்வார்.

துளை போடுகிற மீசைக்காரன் ஒருவன் கேட்டான். "என்னம்மா, கல்லுக்குப் பேன் பாக்குறீங்களா?"

"ஆமாண்ணே. ரொம்பப் பழைய பேன். சீப்புக்கு வரமாட்டேங்குது."

அன்றிலிருந்து ஆட்களுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அவர் நடு மலையிலிருந்து கிழக்குப் பக்கமாக வந்துகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் முகப்புக்கு வந்து சேர்ந்தார். வெகு நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு மச்சானிடம் கையை நீட்டினார்.

"அண்ணே, அந்தச் சாக்பீஸைக் கொஞ்சம் குடுங்க."

மச்சான் அதை யாருக்கும் தரமாட்டார். தயங்கித் தயங்கித் தந்தார். அந்தம்மா சுவரில் இரண்டு அம்புக்குறி போட்டார். ஒன்று மேலே பார்த்து, இன்னொன்று கீழே பார்த்து.

"இந்தக் கறை நடு மலையில வட்டமா இருக்கு. இங்க கோடா இருக்கு. ஏன்னு நெனைக்கிறீங்க?"

"நல்ல கல்லு. அதனால."

"நல்ல கல்லுதான். ஆனா இதை யாரோ இழுத்திருக்காங்களே."

டீ வந்திருந்தது. அவர் முழங்காலை நீட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். களைத்துப்போன குரலில், அவசரமில்லாமல் சொன்னார்.

"இந்தக் கல்லு ஒரு காலத்துல பாறைக் குழம்பு. ரொம்ப ஆழத்துல உருகிக் கிடந்தது. அது மேல வரணும்னா வழி வேணும். கெட்டிப் பாறையை முட்டி முட்டி வர்றது லேசுல்ல. இங்க நிலத்துல ஒரு பெரிய பிளவு இருந்திருக்கு. சும்மா இருந்த பிளவு இல்ல. நான் போட்ட அம்பு மாதிரி ரெண்டு பக்கமும் எதிரெதிரா, ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நகர்ந்துக்கிட்டே இருந்தது. நகர்றப்போ வளைவுல அங்கங்க இடைவெளி விடும். குழம்பு அதுல புகுந்துக்கும். திரும்ப நகரும், திரும்ப இடம் விடும், திரும்பப் புகும். இந்த மலை ஒரே மூச்சுல வந்தது இல்லண்ணே. தகடு தகடா வந்திருக்கு. நடுநடுவுல பக்கத்துப் பாறையோட கறுப்புச் சீவல் சிக்கிக் கிடக்கு, பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேன்" என்றார் மச்சான். "அழுக்குன்னு ஒதுக்கிருவோம்."

"அது சுவரு. ரெண்டு தகட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட பழைய சுவரு. குழம்பு புகுந்ததும் பிளவு வழுக்க ஆரம்பிக்கும். இன்னும் சுலபமா நகரும். நகர்ந்தா இன்னும் குழம்பு வரும். ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை."

"எங்க முதலாளியும் மேனேஜரும் மாதிரி" என்றேன். மீசைக்காரன் டீயைத் துப்பிவிட்டான்.

மச்சான் சிரிக்கவில்லை. "அப்ப இந்த ஓட்டம்?"

"குழம்பு முழுசா இறுகாம, பாதி குழம்பு, பாதி மணின்னு இருக்கறப்பவே பிளவு இழுத்திருக்கு. மணி எல்லாம் ஒரே பக்கமா திரும்பிப் படுத்துருச்சு. அதுதான் உங்க ஓட்டம். இறுகினப்புறமும் அது விடல. ஆறின கல்லையும் அரைச்சுக்கிட்டே இருந்திருக்கு. அதனாலதான் சொல்றேன். ஓட்டம் நேராக நேராக நாம பிளவுகிட்ட போறோம். நீங்க வெட்டற பக்கத்துலதான் அது இருக்கு. இன்னும் கொஞ்ச தூரத்துல அரைபட்ட இடம் வரும். கல்லா இருக்காது, மாவா இருக்கும். தண்ணி கோத்து நிக்கும்."

அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் சுவர் நின்றது. அடுத்த வாரம் அதன் அடியை நீளமாக அறுத்து, மொத்தமாகப் பெரிய துண்டு எடுப்பதாகத் திட்டம். அடியில் ஏழெட்டு பேர் நிற்பார்கள்.

"முதுகுப் பக்கம் மாவா இருந்தா, அடியை அறுத்தப்புறம் இந்தச் சுவர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்னு எனக்குத் தெரியல."

"இப்பவும் அது நகருமா?" என்றார் மச்சான்.

"அது செத்து யுகம் ஆச்சு. அரைச்ச மாவு மட்டும் அங்கேயே இருக்கு."

மச்சான் சாக்பீஸைத் திருப்பி வாங்கினார். காதில் செருகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். அவர் மாத்திரையைச் சப்பிக்கொண்டே, சோதனைக்குக் கல் துண்டு எடுத்துப்போகத்தான் அனுமதி, ஆலோசனைக்கு இல்லை என்றாராம். பிறகு மச்சானைப் பார்த்து, "படிச்சவங்க ஆயிரம் சொல்வாங்க. எனக்கு உன் பேச்சுதான் கணக்கு. நாளைக்குக் காலையில வந்து பாக்கறேன். ஓட்டம் நல்லாருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

சாயங்காலம் மச்சான் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு அறை வீடு. நாற்காலி மெத்தை கட்டிலின் மேல், கூப்பிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மச்சான் நடந்ததைச் சொன்னார். அக்கா தைலத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப கல்லு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்கு."

"அவர் கேட்டதும் அதைத்தானே? நல்லாருக்குன்னு சொல்றது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன? சொல்லிட்டு, திங்கக்கிழமை போய் உக்காருங்க. ஒரு வாரம் கழிச்சு, எனக்கு என்னமோ மாதிரி இருக்குன்னு சொல்லுங்க. குடுத்த நாற்காலியைப் பிடுங்கவா போறாங்க?"

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு அடியில் நிற்கிறவர்கள் ஞாபகம் வரவே இல்லை. இருபது வருஷமாக ஒரு மனிதர் கையைத் தூக்க முடியாமல் திண்டாடுகிறதைப் பார்த்தவனுக்கு அந்தம்மாவின் பிளவு ரொம்பத் தூரத்தில் தெரிந்தது. "உக்காருங்க மச்சான். அவங்க சொன்னது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்றேன்.

அவர் இடது கையால் அந்த மெத்தையை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் ஷெட்டுல உக்காந்த அந்த ஒரு வாரத்துல, அடியில யாருடி நிப்பாங்க?"

அக்காவின் கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தாள், கொஞ்சம் அழுத்தியே. "உங்களோட பெரிய ரோதனை" என்றாள். எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டோம். மச்சான் சுவர் நெடுகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். துடைத்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். மணி மாதிரி சத்தம். ஒரு விரிசல் இல்லை, ஒரு ஈரம் இல்லை. தனக்குத் தெரிந்த எந்த வழியிலும் அவரால் அந்தக் கல்லில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. குறை இருந்திருந்தால் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

மேனேஜர் வந்தார். ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"என்னப்பா சாக்பீஸ், ஓட்டம் நல்லாருக்கா, இல்லையா?"

"நல்லாருக்கு சார். என் வயசுக்கு இவ்ளோ நல்ல ஓட்டம் பாத்ததில்ல. அதான் பயமா இருக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். மீசைக்காரன், "பொண்ணு அழகா இருக்கு, அதனால கல்யாணம் வேணாங்கற கதையா இருக்கே" என்றான். மேனேஜர் சிரிக்கவில்லை.

"நல்லாருந்தா வெட்டு. நல்லால்லைன்னா நிறுத்து. இது என்ன ரெண்டுங்கெட்டான் பேச்சு?"

"உள்பக்கமா ஒரு நீளத் துளை போட்டுப் பாத்துருவோம் சார். துளைக் கம்பியைச் சேத்துச் சேத்து, எவ்ளோ தூரம் போகுமோ அவ்ளோ தூரம்."

"அதுக்கு யாரை விடறது? எல்லாருக்கும் வேலை இருக்கு."

"நானே போடறேன்."

"அந்தத் தோளை வெச்சுக்கிட்டா?"

மச்சான் மெஷினைக் கல்லடுக்கில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் காற்றைத் திறந்தேன்.

படுக்கைவாக்கில் துளை போடுவது கீழ்நோக்கிப் போடுவது மாதிரி இல்லை. மெஷின் பின்னால் தள்ளும். அவர் இடது தோளைக் கொடுத்துத் தாங்கினார். அப்படியும் அடி வலது பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. துளையிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. ஒரு கம்பி முழுசாகப் போனது. இன்னொன்றைச் சேர்த்தோம். அதுவும் போனது. வெள்ளைத் தூள்தான். ஆட்கள் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். "என்ன சாக்பீஸ், அந்தப் பக்கம் ஊரு தெரியுதா?" என்று ஒருவன் கத்தினான். மேனேஜர் தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தம்மா கல்லில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவே நான் காற்றை நிறுத்தி, "போதும் மச்சான்" என்றேன். அவர் வாயில் ஒட்டிய தூளைத் துப்பிவிட்டு, "திறடா" என்றார்.

இன்னொரு கம்பி சேர்த்துக் கொஞ்ச நேரம்தான். மெஷினின் குரல் மாறியது. கனத்து உறுமிக்கொண்டிருந்தது திடீரென்று லேசாகி ஓலமிட்டது. கம்பி தானாக முன்னால் ஓடியது. மச்சான் சுவரில் போய் மோதினார். நான் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் குழைவாக ஏதோ பிதுங்கி வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர், முதலில் கலங்கலாக, அப்புறம் நிற்காமல்.

மச்சான் அந்தச் சேற்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். "மாவு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தம்மா ஒரு பையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டார். தன் பேச்சு சரியாகப் போனதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை. மீசைக்காரன் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பின்னாலேயே நடந்து வெளியே போனான்.

மேனேஜர் வந்து தண்ணீரைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து இன்னொரு மாத்திரையை வாயில் போட்டார். "மெஷினெல்லாம் வெளிய எடுங்க" என்றார். திட்டவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. போகும்போது மச்சான் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஷெட்டுல இனிமே எண் எழுத ஒண்ணும் இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தாள், மச்சானின் தோளைப் பார்த்தாள். "சட்டையை அவுக்கவா, கிழிக்கவா?" என்றாள். வீங்கியிருந்ததால் கடைசியில் கத்தரிக்கோல் போட்டுத்தான் எடுத்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு ரொம்ப நாள் அவள் போகவில்லை. நான்தான் குடத்தைத் தூக்கினேன்.

பத்து நாள் கழித்து மச்சான் வேலைக்கு வந்தார், பழைய முகப்புக்கு. முறுக்கிக்கொண்டு நிற்கிற அதே கல். முதல் வாரம் அவருடைய மெஷின் முறை வந்தால் மீசைக்காரனோ வேறு யாரோ முந்திக்கொண்டு பிடித்துக்கொண்டார்கள். "நீ கோட்டைப் போடு சாக்பீஸ், உன் முறையும் எங்க முறையும் ஒண்ணுதான்" என்றார்கள். அப்புறம் ஒருவனுக்கு முதுகு பிடித்தது, ஒருவன் லீவில் போனான், ஒவ்வொருவராக மறந்துவிட்டார்கள். அவர்களும் களைத்தவர்கள்தான். நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

நேற்று அவர் ஒரு பாறைமேல் தண்ணீர் ஊற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். கறைகள் வட்டம் வட்டமாக இருந்தன. ஓட்டம் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

"நல்லாருக்கா மச்சான்?" என்று கேட்டேன்.

"நாசமா இருக்கு. பாதி ஜல்லிதான்." துடைத்த கையைப் பேண்டில் தேய்த்துக்கொண்டார். "இதுக்கு அடியில நின்னுக்கலாம். காத்தத் திற, மாப்ள."

திறந்தேன்.